தரையிலேயே தீர்மானமாகும் பறப்பு

இருவர் சேர்ந்து பறக்கும் பாராகிளைடரில் உயிரைக் காப்பது எது? குல்லு பள்ளத்தாக்கு கற்பித்த பாடமும் மன்னாரின் பாப்பாமோட்டைக் கரையில் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

2019 நவம்பரில் சென்னை இளைஞர் ஒருவர் தேனிலவுக்காக இமாசலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே பைலட் ஒருவருடன் இரட்டைப் பாராகிளைடரில் ஏறினார். வானில் இருக்கும்போது அவருடைய பாதுகாப்புப் பட்டி கழன்றது. கீழே விழுந்து இறந்தார்.

2022 டிசம்பரில் அதே குல்லுவின் டோபி என்ற இடத்தில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி ஒருவர் பறந்துகொண்டிருந்தபோதே விழுந்து மாண்டார். கூடப் பறந்த பைலட் உயிரோடு இறங்கினார். 2024 பெப்ரவரியில் மீண்டும் டோபி. இம்முறை தெலங்கானாவிலிருந்து வந்த இளம்பெண். கருவி அனுமதி பெற்றது, பைலட் பதிவு பெற்றவர், வானிலையிலும் குறையில்லை, பயணியின் பெல்ட்டைச் சரிபார்க்கத் தவறியதே காரணமாகத் தெரிகிறது என்று சுற்றுலாத் துறை அதிகாரிகள் சொன்னார்கள். பைலட் கைதானார்.

ஐந்து ஆண்டுக்குள் ஒரே பள்ளத்தாக்கில் இப்படி மூன்று மரணங்கள். மூன்றிலும் பயணி மட்டுமே கருவியிலிருந்து பிரிந்து விழுந்திருக்கிறார். சிறகு கிழிந்தோ புயல் அடித்தோ நேர்ந்தவை அல்ல இவை. புறப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். இரட்டைப் பறப்பின் பாதுகாப்பு ஆகாயத்தில் காட்டும் சாமர்த்தியத்தில் இல்லை. அதில் பெரும்பங்கு கால் தரையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

இலங்கையின் மன்னாரில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சுவிற்சர்லாந்தின் இன்டர்லாக்கனிலும் நேபாளத்தின் பொக்காராவிலும் பறந்த காணொளிகள் இன்று நம் வீடுகளின் கைபேசிகளில் வந்து விழுகின்றன. தலைமன்னார்ப் பக்கம் காற்றை நம்பிக் கைட் சர்ஃபிங் செய்ய வெளிநாட்டவர் வருகிறார்கள். காற்று உள்ள கரைக்குப் பறக்கும் விளையாட்டும் ஒரு நாள் வரப்பார்க்கும். திருக்கேதீஸ்வரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடைப்பட்ட பாப்பாமோட்டை போன்ற இடங்களின் பரந்த தரவை நிலம் அதற்குத் தோதானது என்று யாராவது சொல்லக்கூடும். சொல்வதற்கு முன்பே நாம் அறிந்திருக்க வேண்டியவை பல.

துணியும் நூலும் காற்றும்

பாராகிளைடருக்கு எலும்பு கிடையாது. முன்விளிம்பில் உள்ள வாய்கள் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்ப, அந்த அழுத்தத்தால்தான் துணி சிறகாகிறது. காற்றால் நிரம்பும் இந்தச் சிறகை அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் 1960களில் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். 1978இல் பிரான்சின் மியூசி என்ற மலைக்கிராமத்தில் பாராசூட் வீரர் சிலர் விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பதிலாகச் சரிவில் ஓடிப் புறப்பட்டார்கள். அதிலிருந்து இந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது.

இரட்டைச் சிறகு ஏறக்குறைய 40 சதுர மீற்றர் பரப்புள்ளது. பைலட், பயணி, கருவி எல்லாம் சேர்ந்து 200 கிலோவை ஒட்டிய சுமையைத் தாங்கும். பயணி முன்னே, பைலட் பின்னே. இருவருடைய இருக்கைப் பட்டிகளும் 'ஸ்பிரெடர்' எனப்படும் இணைப்புப் பட்டையில் மாட்டப்படுகின்றன. ஸ்பிரெடர், சிறகின் நூல்கள் வந்து சேரும் ரைசர் பட்டைகளோடு இணைகிறது. ஆபத்துக் காலத்தில் எறிய வேண்டிய ரிசர்வ் பாராசூட்டும் அங்கேயே இணைந்திருக்கும். காரபைனர் என்ற கொளுவிகள் இவற்றை ஒன்றோடொன்று பூட்டுகின்றன.

ஐரோப்பியத் தரவிதிப்படி சான்றிதழ் பெறும் சிறகு, அதிகபட்சச் சுமையின் 8 மடங்கு விசையைத் தாங்கிக் காட்ட வேண்டும். அவ்வளவு வலுவான சிறகின் கீழ் தொடைப்பட்டி பூட்டாத மனிதர் தொங்கினால் அந்த 8 மடங்கும் வீண். எத்தனை உயர்ந்த கருவியானாலும் அதன் மிகப் பலவீனமான இணைப்பின் அளவுக்கே அது பலமானது. இரட்டைப் பறப்பில் அந்தப் பலவீனமான இணைப்பு பெரும்பாலும் மனிதரின் அவசரம்.

கால்பட்டி முதலில்

நல்ல பைலட்டின் கை ஒரே ஒழுங்கில் இயங்கும். பயணிக்கு ஹார்னஸ் எனப்படும் இருக்கைப் பட்டியை அணிவிக்கும்போது முதலில் பூட்டுவது கால்பட்டிகள் என்ற தொடைப்பட்டிகள், கடைசியில் கழற்றுவதும் அவையே. நெஞ்சுப்பட்டி மட்டும் பூட்டியிருந்தால் நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். கால் தரையை விட்ட கணத்தில் உடல் இருக்கையிலிருந்து கீழே வழுக்கும், நெஞ்சுப்பட்டி அக்குளில் இறுக்கும், கைகள் மேலே எழும். அந்த நிலையில் வானில் வைத்து ஒருவரை மீண்டும் இருக்கையில் ஏற்றுவது மிகக் கடினம். இதனால்தான் நெஞ்சுப் பூட்டோடு கால்பட்டியும் சேர்ந்தே பூட்டும் வகையில் புதிய ஹார்னஸ்கள் செய்யப்படுகின்றன. பழைய வகை ஹார்னஸ் வைத்திருப்பவர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

புறப்படும் முன் ஐந்து விடயங்களைப் பார்ப்பது உலகெங்கும் பைலட்டுகள் பழகும் முறை. தலைக்கவசம், கால்பட்டி, நெஞ்சுப்பட்டி முதலாவது. காரபைனர்கள் மூடிப் பூட்டியிருக்கின்றனவா, ரிசர்வ் கைப்பிடியின் ஊசி இடத்தில் உள்ளதா என்பது இரண்டாவது. நூல்கள் முடிச்சும் சிக்கலும் இல்லாமல் கிடக்கின்றனவா என்பது மூன்றாவது. விரித்த சிறகின் வாய்கள் திறந்திருக்கின்றனவா என்பது நான்காவது. காற்றின் திசையும் வேகமும், முன்னேயும் மேலேயும் வேறு யாரும் பறக்கவில்லை என்பதும் ஐந்தாவது. இரட்டைப் பறப்பில் முதல் இரண்டையும் இருவருக்கும் செய்ய வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு தொலைபேசி வந்து, இடையில் பேச்சு வந்து, வேலை குலைந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது ஆளின் கண்ணும் வேண்டும். தரையில் நிற்கும் உதவியாளர் சுற்றிவந்து பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, பைலட் அதற்குப் பதில் சொல்லும் பழக்கம் இருந்தால் தவறு நுழைய இடம் குறையும். ஒரு நாளில் பத்துப் பேரைத் தூக்கும் வணிகப் பைலட்டுக்கு இது மிக அவசியம். பத்தாவது பயணியிடம்தான் கை தன்போக்கில் ஓடும், கண் பார்க்காமலே பார்த்ததாக எண்ணும்.

பயணியின் பங்கு

இரட்டைப் பறப்பில் பயணி வெறும் சுமை அல்ல. புறப்படும்போது அவருடைய கால்களும் ஓட வேண்டும். சிறகு தலைக்கு மேல் எழும்போது பின்னோக்கி ஓர் இழுப்பு வரும். பழக்கமில்லாதவர் அந்த இழுப்பில் நின்றுவிடுவார், அல்லது பறந்துவிட்டோம் என்று எண்ணி இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால் முழுப் பாரமும் பைலட்டின் கால்களில் விழும். இருவரும் சரிவில் இழுபடுவார்கள். கால் முறிவுகள் பலவும் இப்படி வருகின்றன.

ஆகவே பறப்புக்கு முந்தைய விளக்கம் பயணிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அது விளக்கம் ஆகாது. "ஓடுங்கோ எண்டால் ஓடுங்கோ, காத்திலயும் ஓடுங்கோ, நான் சொல்லுற வரைக்கும் இருக்காதேங்கோ, குதிக்காதேங்கோ, இறங்கேக்க எழும்பி நில்லுங்கோ." இவ்வளவும் போதும். பயணி இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நாலடி ஓடியும் காட்ட வேண்டும். கைகளால் எதைப் பிடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதையும் காட்ட வேண்டும். பயத்தில் பிரேக் நூலையோ ரைசரையோ பற்றி இழுத்த பயணியால் சிறகு நிலைகுலையக்கூடும்.

எடையை மறைக்கக் கூடாது. இருதய நோய், முதுகு வலி, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் சொல்ல வேண்டும். மது அருந்தியவரை ஏற்றக் கூடாது. சப்பாத்து கணுக்காலை மூடியதாக இருக்க வேண்டும். சேலையோடும் செருப்போடும் பறக்கவைக்கும் ஆள் படம் எடுத்துக் காசு வாங்கத் தெரிந்தவர். பறக்கவைக்கத் தெரிந்தவர் அல்லர்.

சோழகத்தின் முன் சிறகு

மன்னாரில் காற்றைப் பற்றிச் சொல்லித்தர யாரும் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பேர் வைத்து, அதன்படி வலையும் படகும் இறக்கியவர்கள் இந்தக் கரையார். அந்த அறிவோடு சில எண்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரட்டைப் பாராகிளைடர் சாதாரணமாக மணிக்கு 38 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ரைசரில் உள்ள ட்ரிம்மர் என்ற பட்டையைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எதிர்க்காற்று 40ஐத் தொட்டால் சிறகு முன்னேறாது. அதற்கு மேல் போனால் பின்னோக்கித் தள்ளப்படும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 20 கிலோமீற்றர்க் காற்று 30 ஆகும்போது விசை இரண்டேகால் மடங்காகிறது. தரையில் 25 கிலோமீற்றருக்கு மேல் வீசினால் இரட்டைச் சிறகை விரிக்காமல் இருப்பதே பொதுவான நிதானம். அதற்குக் கீழே இருந்தாலும் குத்திக் குத்தி வீசும் காற்று ஆகாது. சீராக வீசும் 18ஐ விட, 8க்கும் 20க்கும் இடையில் துள்ளும் காற்று கொடியது.

சோழகக் காலத்தில் இந்தக் கரை என்ன பாடுபடும் என்பதற்கு மன்னார்த் தீவின் தென்கரையே சாட்சி. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் 103.5 மெகாவாட் ஆற்றலோடு அங்கே நிற்கின்றன. மின்சாரம் எடுக்கத் தேர்ந்த காற்று என்றால் இரட்டைச் சிறகுக்கு மிகையான காற்று என்றே கொள்ள வேண்டும். கைட் சர்ஃபிங் செய்பவருக்கு உகந்த நாள் பாராகிளைடருக்குக் கூடாத நாள். காற்றாலையின் பின்புறம் நெடுந்தூரத்துக்குக் காற்று கலங்கிக் கிடக்கும். பனந்தோப்பு, கட்டடம், உயர்ந்த அணைக்கட்டு ஆகியவற்றின் மறைவிலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுழலுக்குள் தாழ்வாக நுழையும் சிறகின் ஒரு பக்கம் மடங்கிவிடும்; திருத்துவதற்கு உயரம் இருக்காது.

காற்று அடங்கிய மாதங்களிலும் வேறு ஆபத்து உண்டு. நடுப்பகலில் வெயில் காய்ந்த தரவையிலிருந்து சூடான காற்று தூணாக எழும். மணற்சூறை சுழல்வதைக் கண்டால் அன்றைக்கு இரட்டைப் பறப்பை நிறுத்த வேண்டும். பருவங்கள் மாறும் இடைக்காலத்தில் பிற்பகலில் இடிமுகில் கட்டும். 2007 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் மனில்லாவில், உலகப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஈவா விஸ்னியெர்ஸ்காவை இடிமுகில் 9,946 மீற்றர் உயரத்துக்கு உறிஞ்சியது. உறைகுளிரில் நினைவிழந்தும் அவர் உயிர் தப்பினார். அதே முகிலில் சிக்கிய சீன வீரர் ஹீ ஜோங்பின் இறந்தார். உலகத் தரப் போட்டியாளர்களாலேயே வெல்ல முடியாத முகில் அது. வானிலை அவதான நிலையத்தின் அறிவித்தலைக் காலையில் பார்ப்பதும், வானத்தைப் பகல் முழுவதும் பார்ப்பதும் பைலட்டின் கடமை.

நெரிசலும் கொல்லும். 2025 ஜனவரியில் குல்லுவின் கர்சாவில் இரண்டு கிளைடர்கள் வானில் மோதியதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த பயணி உயிரிழந்தார். ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை சிறகுகள் பறக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும்.

மலையில்லாக் கரை

பாப்பாமோட்டைக்கு மலை இல்லை. ஏலகிரியிலோ கேரளத்தின் வாகமணிலோ செய்வதுபோலச் சரிவில் ஓடிப் புறப்பட முடியாது. சமநிலத்தில் இரட்டைச் சிறகு எழ வேண்டுமானால் 'வின்ச்' இயந்திரம் கயிற்றால் இழுக்க வேண்டும், அல்லது பைலட் முதுகில் விசிறி இயந்திரம் கட்ட வேண்டும். இரண்டும் மலைப் பறப்பிலிருந்து வேறான கல்வி.

வின்ச் இழுவையில் கயிற்றின் இழுவிசை அளந்து கட்டுப்படுத்தப்படும். விசை மீறினால் தானே அறுந்துகொடுக்கும் பலவீன இணைப்பு கயிற்றில் இருக்கும். பைலட் கயிற்றை உடனே விடுவிக்கும் கொளுவியும், அதுவும் சிக்கினால் வெட்டும் கத்தியும் வைத்திருப்பார். வின்ச் இயக்குபவர் பயிற்சி பெற்றவராக இருந்து, வானொலித் தொடர்பில் இருப்பார். இவை எதுவும் இல்லாமல் ஜீப்பின் பின்னால் கயிற்றைக் கட்டி இழுப்பது கொலைக்குச் சமம். சிறகு ஒரு பக்கம் திரும்பத் தொடங்கியதும் வாகனம் தொடர்ந்து இழுத்தால் அது அப்படியே தரையில் அறையும். கடற்கரைகளில் படகு இழுக்கும் பாராசெயிலிங் வேறு கருவி, வேறு முறை. அதைச் செய்து பழகியவர் இதையும் செய்வார் என்று நம்பக் கூடாது.

இழுத்து எழும் முதல் 50 மீற்றரில் ரிசர்வ் பாராசூட் எறிந்தாலும் விரிய நேரம் கிடைக்காமல் போகலாம். அங்கே காப்பாற்றுவது கருவியின் நிலையும், காற்றின் அமைதியும், வின்ச்காரரின் கையும்தான்.

கடலோரம் என்றால் இன்னொன்று. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் ஹார்னஸின் முதுகுப் பஞ்சு மிதந்து, மனிதரை முகம் குப்புறப் புரட்டும். நனைந்த சிறகும் நூல்களும் காலைச் சுற்றும். உயிர்காப்பு அங்கியும் தயாராக நிற்கும் படகும் இல்லாமல் கடலுக்கு அண்மையில் பறக்கக் கூடாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் பறக்கவே கூடாது.

கேரளத்தின் வர்க்கலாவில் 2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம்பெண்ணும் அவருடைய பயிற்றுநரும் பறந்த கிளைடர் பாபநாசம் கடற்கரையின் உயர்கோபுர மின்விளக்கில் சிக்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் தொங்கினார்கள். கீழே வலை விரித்துக் காப்பாற்றினார்கள். அந்தக் கடற்கரையில் விளக்குக் கோபுரம் நேற்று முளைத்ததல்ல. பறக்கும் இடத்தைத் தேர்ந்தவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இங்கே மின்கம்பிகளும் தொலைபேசிக் கோபுரங்களும் உண்டு. போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்த பிரதேசம் இது; பாதுகாப்பானது என்று உறுதியான நிலத்தில் மட்டுமே இறங்க வேண்டும், ஏற்ற வேண்டும்.

உப்பும் மணலும் வெயிலும்

வாங்கியபோது சான்றிதழ் பெற்றிருந்த சிறகு இன்றும் அதே சிறகா? பராமரிப்பின் முழுக் கேள்வியும் இதுதான். மன்னார்க் கரையில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது, ஏனென்றால் இந்தத் துணிக்குப் பகையான உப்பு, மணல், வெயில் மூன்றும் இங்கே தாராளம்.

சிறகுத் துணி பூச்சிட்ட நைலோன். அந்தப் பூச்சுத்தான் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் பூச்சையும் நூலையும் தின்கிறது. பறக்காத நேரத்தில் சிறகை வெயிலில் விரித்து வைப்பது அதன் ஆயுளைச் சும்மா எரிப்பது. வரிசையில் காத்திருக்கும்போது மடித்து நிழலில் வைக்க வேண்டும். பூட்டிய வாகனத்துக்குள் மத்தியான வெயிலில் வைக்கவே கூடாது. பூச்சு தேய்ந்த துணியில் காற்று ஊடுருவும். அப்படிப்பட்ட சிறகு மெதுவாகத் தலைக்கு மேல் எழும், சிலவேளை முன்னோக்கிப் பறக்காமல் நேர்கீழே அமிழும். கண்ணால் பார்த்துப் பூச்சின் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க முடியாது. குறித்த அளவு காற்று துணியைக் கடக்க எத்தனை வினாடி எடுக்கிறது என்று கருவி வைத்து அளக்க வேண்டும். துணி கிழியும் பலத்தையும் அளக்கக் கருவி உண்டு.

மணல் நூலுக்குள் புகுந்து உள்ளிருந்தே அராவும். சிறகைத் தரையில் இழுக்கக் கூடாது. உள்ளே சேர்ந்த மணலைச் சிறகின் நுனியில் உள்ள துப்புரவு வாய் வழியாகக் கொட்ட வேண்டும். வெட்டுக்கிளி, வண்டு அறைக்குள் அகப்பட்டால் வெளியேற்றாமல் மடிக்கக் கூடாது. அவை துணியைக் கடிக்கும். முள் நிலத்தில் இறங்கினால் நூல் ஒவ்வொன்றையும் விரலுக்கிடையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடல்நீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில், சவர்க்காரம் இல்லாமல், பலமுறை அலசி நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்த உப்பின் பளிங்குகள் துணியை வெட்டும், நூலைச் சுருக்கும். கடலில் விழுந்த சிறகைப் பரிசோதகர் பார்க்காமல் மறுபடி பறக்கவிடக் கூடாது. உப்புக்காற்று காரபைனர்களையும் கப்பிகளையும் அரிக்கும். உராய்வோ நசுங்கலோ கண்டாலும், கதவு கோணலானாலும், உற்பத்தியாளர் சொன்ன காலம் முடிந்தாலும் காரபைனரை வீச வேண்டும். உலோகம் களைப்பதை வெளியே காட்டாது.

நூல்களின் கதை இன்னும் நுட்பமானது. இரட்டைச் சிறகில் பாரம் பெரும்பகுதி முன்வரிசை நூல்களில் விழுகிறது. அவை மெல்ல நீளும். பின்வரிசை நூல்களில் பாரம் குறைவு. அவை ஈரத்திலும் காலத்திலும் சுருங்கும். முன்னது நீண்டு பின்னது சுருங்கினால் சிறகின் மூக்கு மேல்நோக்கும், வேகம் குறையும், அமிழ்ந்துபோகும் ஆபத்து கூடும். வித்தியாசம் சில சென்ரிமீற்றர்தான். பைலட்டுக்கு அது நாளுக்கு நாள் தெரியாமல் பழகிப்போகும். ஆகவே நூல்களை உற்பத்தியாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டு, பாரம் ஏற்றி, அளந்து பார்ப்பது வேண்டும். நூலில் ஒன்றை எடுத்து இழுத்து உடைத்துப் பலம் பார்ப்பதும் பரிசோதனையில் அடங்கும்.

முழுப் பரிசோதனைக்கான காலத்தை ஒவ்வொரு உற்பத்தியாளரும் கையேட்டில் தருகிறார். பொதுவாக ஓராண்டு அல்லது ஈராண்டு, அல்லது 100 மணிப் பறப்பு, எது முந்துகிறதோ அது. வணிக இரட்டைச் சிறகு ஒரு பருவத்திலேயே 100 மணியைத் தாண்டிவிடும். உப்புக் கரையில் அந்தக் காலத்தை இன்னும் குறுக்குவதே அறிவு.

ரிசர்வ் பாராசூட்டைத் தனியே சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தரவிதிப்படி அது இறங்கும் வேகம் வினாடிக்கு 5.5 மீற்றரைத் தாண்டக் கூடாது. அது சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். ஆனால் மடித்தபடியே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் துணி ஒட்டிக்கொள்ளும், றப்பர் வளையம் இறுகும், விரியப் பிந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிந்தினால் ஓராண்டுக்குள், தெரிந்தவர் கையால் விரித்து, காற்றாட வைத்து, மறுபடி மடிக்க வேண்டும். இருவர் எடைக்குரிய ரிசர்வ் வேண்டும். தனியாள் ரிசர்வை இரட்டைச் சிறகில் வைத்திருப்பவர் ஏமாற்றுகிறார்.

இவை எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். பறந்த மணி, இறங்கிய இடம், நனைந்ததா, பரிசோதித்தவர் யார், மாற்றிய நூல் எது, ரிசர்வ் மடித்த திகதி. லொக் புத்தகம் இல்லாத சிறகுக்கு வரலாறு இல்லை. வரலாறு இல்லாத சிறகை நம்பி உயிரைக் கொடுக்கக் கூடாது.

சட்டம் முந்த வேண்டும்

இமாசலப் பிரதேசத்தில் 2004லேயே வான்விளையாட்டு விதிகள் வந்தன. பைலட்டுகளும் கருவிகளும் பதிவாக வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பறப்புக்குத் தடை. அங்குள்ள பீர் பில்லிங்கில் 2015இல் பாராகிளைடிங் உலகக் கிண்ணப் போட்டியே நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2021 டிசம்பரில் பீரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இரட்டைப் பறப்பில் உயிரிழந்தான். உயர் நீதிமன்றம் தலையிட்டு, பதிவில்லாத சாகச விளையாட்டுகளை நிறுத்த உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் கோவாவின் கேரிப் பீடபூமியில் சுற்றுலாப் பெண்ணும் பைலட்டும் மாண்டபோது, உரிமம் இல்லாமல் பறக்கவிட்டதாக உரிமையாளர் மீது பொலிஸார் வழக்குத் தொடர்ந்தனர். எங்கும் கதை ஒன்றே. விளையாட்டு முதலில் வருகிறது, மரணம் பிறகு வருகிறது, சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கடைசியில் வருகிறது.

சுவிற்சர்லாந்தில் பரீட்சையும் உரிமமும் பொறுப்புக் காப்புறுதியும் இல்லாமல் பயணியைத் தூக்க முடியாது. நம் உறவினர் அங்கே நிம்மதியாகப் பறந்து வருவதற்கு மலையின் அழகு காரணமல்ல, இந்த ஒழுங்கே காரணம்.

இலங்கையில் வான்வெளி சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. பாப்பாமோட்டையிலோ மன்னார்த் தீவிலோ யாரும் பறக்கும் தொழில் தொடங்க வந்தால், அந்த அதிகார சபையின் எழுத்துமூல அனுமதியைப் பிரதேச சபையும் மாவட்டச் செயலகமும் முதலில் கேட்க வேண்டும். சோழக மாதங்களுக்குத் தடை எழுதப்பட வேண்டும். பறவைகளையும் எண்ண வேண்டும். இந்தக் கரையில் உள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம். வடக்கிலிருந்து பறவைகள் வந்து தங்கும் மாதங்களும் காற்றுத் தணியும் காலமும் பெரிதும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன. தாழப் பறக்கும் பெருஞ்சிறகு பூநாரைக் கூட்டத்தைக் கலைக்கும். சரணாலயத்துக்கும் கண்டல் காடுகளுக்கும் மேல் பறப்பதைத் தொடக்கத்திலேயே விலக்க வேண்டும். பறக்கும் இடத்தில் முதலுதவி தெரிந்தவரும், முதுகெலும்பு அசையாமல் தூக்கும் பலகையும் இருக்க வேண்டும். 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து சேரும் பாதையும் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கான தூரமும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கரையின் இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கற்பதில் தவறில்லை. காற்றை அறிந்த பரம்பரை இது. முறையான பள்ளியில் தனியாகப் பறக்கப் படித்து, பல நூறு பறப்புகள் செய்து, பிறகே இரட்டைப் பறப்புக்கான பரீட்சை எழுத வேண்டும். குறுக்கு வழியில் வருபவர் தன் உயிரோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குல்லுவிலோ பொக்காராவிலோ இன்டர்லாக்கனிலோ, நாளைக்கு இங்கேயே ஒரு தரவையிலோ, உங்களை யாராவது சிறகின் கீழ் நிறுத்தினால் ஐந்து விடயம் கேளுங்கள். பைலட்டின் இரட்டைப் பறப்பு உரிமம் எங்கே? சிறகைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது? ரிசர்வ் மடித்த திகதி என்ன? காப்புறுதி உண்டா? இன்றைய காற்று எவ்வளவு? பிறகு குனிந்து உங்கள் இரண்டு தொடைப்பட்டிகளையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். பதில் சொல்ல முகம் சுளிப்பவரிடம் பறக்காதீர்கள். காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று காசைத் திருப்பித் தருபவரைக் கோபிக்காதீர்கள். அவரிடமே இன்னொரு நாள் போய்ப் பறந்து பாருங்கள்.